340 பவுண்ட் போச்சு: பாலிடன்னல் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கை நடுங்க எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் அபர்டீனில் இருக்கிறோம், கடலிலிருந்து ஒன்றரை மைல். இங்கே குளிரைக்கூடச் சமாளித்துவிடலாம். கேல் கீரை, வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் எல்லாம் உறைபனியிலும் நிற்கும், பனி பட்டால் கேல் இனிக்கவே செய்யும். காற்றுதான் கொல்லும். அதற்காகத்தான் ஆகஸ்டில், தோட்டச் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் பாலிடன்னல் வாங்கினேன், வளைந்த குழாய்கள் மேல் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி உள்ளே செடி வளர்க்கும் கூடாரம். 340 பவுண்ட்.

வாங்கும் முன் போன் செய்தேன். பேசியவர் அவ்வளவு பொறுமையாகக் கேட்டார்: கடல் எவ்வளவு தூரம், மறைப்புக்கு மரம் உண்டா, என்ன போடப் போகிறீர்கள். "கவலையே வேண்டாம், ஷெட்லாண்டுக்கே அனுப்புகிறோம்" என்றார். வடக்கே நடுக்கடலில் இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளின் காற்றைத் தாங்குவது இங்கே தாங்காதா என்று அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். 380 விலை, பேங்க் டிரான்ஸ்ஃபர் என்றால் 340. உடனே அனுப்பினேன்.

போன வாரம் ஒரே ராத்திரிக் காற்று. காலையில் போய்ப் பார்த்தால் குழாய்கள் இணைப்பில் மடங்கிக் கிடக்கின்றன, ஷீட் நார் நாராக. செப்டம்பரில் நட்ட பாலக், கொத்தமல்லி எல்லாம் குழாய்க்கு அடியில் நசுங்கிப் போயின. விளம்பரத்தில் 25 மில்லிமீட்டர் கனக் குழாய் என்று இருந்தது. அளந்தேன், 19. வெளியே வெறும் வலைத்தட்டி கட்டியிருந்த கேல் ஒன்றுகூடச் சாயவில்லை.

முதலில் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். அப்புறம், முளையை ஆழமாக அடிக்கவில்லை என்றார்கள். முளை போட்ட இடத்திலேயே நிற்கிறது, அந்தப் போட்டோவும் அனுப்பினேன். கடைசியில், காற்றுச் சேதம் வாரண்டியில் வராதாம். காற்றைத் தாங்கும் என்று சொல்லித்தானே 340 பவுண்ட் வாங்கினீர்கள்? இப்போது போனை எடுப்பதே இல்லை. பேங்கில் கேட்டால், பொருள் கைக்கு வந்துவிட்டது, இது வியாபாரத் தகராறு, மோசடியில் சேராது என்கிறார்கள்.

குளிர்காலத் தோட்டம் பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று பலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது மனசு இல்லை. இதை மட்டும் கேளுங்கள். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். கடை கைவிரித்தாலும் கார்டு கம்பெனியிடம் கேட்க இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. பெட்டி வந்த அன்றே குழாயை அளந்து பாருங்கள். சொன்னதும் வந்ததும் வேறு என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். நான் அளக்காமல் விட்டேன். ஷீட்டின் ஓரத்தைப் பள்ளம் தோண்டி மண்ணில் புதைக்கிற மாதிரி வாங்குங்கள், கயிறு கட்டுகிற வகை வேண்டாம். காற்று வரும் பக்கம் வலைத்தட்டி போதும். பலகை அடித்து முழுசாக அடைக்காதீர்கள், காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று செடி மேலேயே விழும்.

மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். கிழிந்த ஷீட் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் லீக்ஸ் மேல் கிடக்கிறது, அதைப் போய் எடுக்க வேண்டும்.