ஊதாத் தேன்சிட்டா, ஊதாப்பிட்டத் தேன்சிட்டா?

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் முற்றத்தில் ஒரு செம்பருத்தி நின்றால் போதும், இரண்டும் வந்துவிடும். பூவுக்குள் அலகு எட்டாவிட்டால் அடியில் துளைபோட்டுத் தேன் குடிக்கும்.

இனப்பெருக்கக் காலத்தில் ஆணைப் பிரிப்பது சுலபம். ஊதாத் தேன்சிட்டு தூரத்தில் வெறும் கறுப்பு. வெயில் பட்டால்தான் நீலமும் ஊதாவும் மின்னும். ஊதாப்பிட்டத்துக்கு வயிறு மஞ்சள், முதுகு அரக்கு, உச்சந்தலை பச்சை.

குழப்பம் அதன்பிறகுதான். பருவம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆண் கறுப்பை உதிர்த்துவிட்டு மஞ்சள் வயிற்றோடு திரியும். தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு இறங்கும், அதைப் பாருங்கள். ஊதாப்பிட்டம் ஆண்டு முழுக்க ஒரே நிறம். பெண்களுக்குத் தொண்டைதான் அடையாளம்: ஊதாப்பிட்டத்துக்கு வெளிறிய வெள்ளை, மற்றதற்கு மஞ்சள்.

கூட்டை வைத்துப் பிரிப்பது கடினம். இரண்டும் சிலந்தி வலையால் நாரையும் சருகையும் பிணைத்துத் தொங்கும் பை கட்டும். குப்பை என்று தட்டிவிடாதீர்கள். குஞ்சுக்குப் பூச்சி வேண்டும், செடிக்கு மருந்தும் அடிக்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது ஊதாப்பிட்டம்தான். எந்த மாதம் வந்தாலும் அந்த நிறம் மங்குவதில்லை.