தனசக்தி கம்பு: தானியம் வாங்கலாம், மாவு வேண்டாம்

இரும்புச்சத்து கூட்டப்பட்ட ரகம் என்று விற்கப்படும் தனசக்தி கம்பில் இரண்டு கிலோ தானியமும் ஒரு கிலோ மாவும் இணையவழிக் கடை ஒன்றில் வாங்கி, இரண்டு மாதமாகச் சமைத்து வருகிறோம். இந்த ரகம் மரபணு மாற்றம் செய்யப்பட்டதன்று. ஐசிடிபி 8203 என்ற பழைய ரகத்திலிருந்து இரும்புச்சத்து மிகுந்த செடிகளைத் தேர்ந்தெடுத்து, ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. 2012இல் மகாராஷ்டிரத்தில் வெளியிடப்பட்டது. வீரிய ஒட்டு (ஹைபிரிட்) ரகமில்லை என்பதால் உழவர்கள் விதையை எடுத்து வைத்து மீண்டும் விதைக்கலாம்.

தானியத்தில் குறை சொல்ல அதிகமில்லை. மணிகள் பருத்து, சாம்பல் நிறத்தில் ஒரே அளவாக இருந்தன; முறத்தில் புடைத்தபோது சுணையும் கல்லும் மிகக் குறைவாகவே வந்தன. உளுந்து சேர்த்து ஊறவைத்து அரைத்து, இரவு முழுவதும் புளிக்கவிட்டு ஊற்றிய தோசை ஓரம் முறுகலாகவும் நடுவில் மெத்தென்றும் வந்தது. கூழுக்கும் நன்றாகக் குழைகிறது. கம்பிலுள்ள ஃபைட்டிக் அமிலம் இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்து வைத்துக்கொள்வதையும், ஊறவைத்தலும் புளிக்கவைத்தலும் அந்த அமிலத்தைக் குறைப்பதையும் எண்ணிப் பார்த்தால், முதல் நாளே கரைத்து வைக்கும் நம் பழைய கூழ்ப் பழக்கம் இந்த ரகத்துக்கும் பொருத்தமானதுதான்.

மாவுதான் ஏமாற்றியது. கம்பில் கொழுப்பு ஏறக்குறைய 5 விழுக்காடு இருப்பதால், அரைத்த மாவு விரைவில் கசந்துவிடும் என்பது கம்பு புழங்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உறையில் ஆறு மாதம் வரை பயன்படுத்தலாம் என்றிருந்தது. பிரித்த மூன்றாம் வாரமே காறல் வாடை வந்து, களி கிண்டியதும் யாரும் இரண்டாம் வாய் வைக்கவில்லை.

பெரிய மனக்குறை ஒன்றும் உண்டு. இந்த ரகத்தில் கிலோவுக்குச் சுமார் 71 மில்லிகிராம் இரும்பு இருப்பதாக வேளாண் ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. ஆனால் மண்ணைப் பொறுத்து அது கூடும், குறையும். செம்மஞ்சள் நிறச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டினால் உள்ளிருக்கும் சத்தை நிறமே காட்டிவிடும். கம்பில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. சாதாரணக் கம்பையே இந்தப் பெயரில் விற்றாலும் வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே, வாங்கிய சரக்கின் ஆய்வக அளவைக் கேட்டு எழுதினேன். "எங்கள் கம்பு இயற்கையானது" என்று பதில் வந்தது. நான் கேட்டது அதுவன்று.

அடுத்த முறை தானியம் மட்டும்தான் வாங்குவேன். அதுவும் பையில் அறுவடை மாதமும் இரும்பின் அளவும் அச்சிட்டிருந்தால்.