பேன்ட் நீளம்: பாட்டத்தைப் பார்த்துவிட்டு டேப்பை எடுங்கள்

ரெடிமேட் ஜீன்ஸோ சைனோஸ் என்ற காட்டன் பேன்ட்டோ எடுத்தால், பில் போட்ட கையோடு கடையிலேயே ஆல்ட்ரேஷன் செய்து கொடுத்துவிடுகிறார்கள். அந்த வேகம்தான் சிக்கல். துவைக்காத துணி, செருப்பைக் கழற்றிய கால், கண்ணாடி முன் நிற்கும்போது மட்டும் மேலே ஏற்றிவிட்ட இடுப்பு. இந்த மூன்றையும் வைத்து எடுத்த அளவு ஆறு மாதம் தாங்காது. சிலது சுருங்கிக் கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கும். சிலது இடுப்பிலிருந்து இறங்கி, குதிகாலுக்கு அடியில் மிதிபட்டு நைந்திருக்கும்.

நீளம் என்றால் எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பாட்டம், அதாவது கால் விளிம்பின் சுற்றளவு. 13, 14 இன்ச் பாட்டம் உள்ள ஸ்லிம் பேன்ட் ஷூவின் மேல் விழ இடமே கிடையாது. நீளம் கூடினால் அந்தத் துணி முழுக்கக் கணுக்காலில் வளையல் அடுக்கியது போல் சுருண்டு நிற்கும். அதைக் கணுக்கால் எலும்பைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துவதே சரி. 15, 16 இன்ச் ஸ்ட்ரெய்ட் பேன்ட் ஷூவின் மேல் லேசாக உட்கார்ந்து, முன்பக்கம் ஒரே ஒரு மடிப்பு விழுந்தால் போதும். 18 இன்ச்சுக்கு மேல் போகும் அகலக் கால் பேன்ட்டைக் கணுக்காலில் வெட்டினால் யாரிடமோ இரவல் வாங்கியது போல் இருக்கும். அதன் பின்பக்கம் தரைக்கு முக்கால் இன்ச் மேலே வரை இறங்கலாம். இப்போது அகலக் கால் திரும்பி வந்திருக்கிறது. ஸ்லிம்முக்குப் பழகிய கண் அதையும் குட்டையாக வெட்டச் சொல்லும். கேட்காதீர்கள்.

சுருக்கத்தின் கணக்கு இது. தறியில் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளரும். பேன்ட்டில் பாவு நீளவாக்கில் ஓடுவதால் அகலத்தைவிட நீளம்தான் அதிகம் குறையும். சான்ஃபோர்ட் க்ளூயெட் காப்புரிமை பெற்ற சான்ஃபரைஸிங் முறையில், துணியை ஆலையிலேயே சுருக்கிவிடுவார்கள். அப்படி வந்த காட்டன்கூட ஒன்றிலிருந்து மூன்று சதவீதம் வரை சுருங்கலாம். 30 இன்ச் உள் நீளத்துக்கு (கவட்டையிலிருந்து விளிம்பு வரை) மூன்று சதவீதம் என்றால் முக்கால் இன்ச்சுக்கு மேல். சான்ஃபரைஸ் செய்யாத டெனிம் பத்து சதவீதம் வரை, அதாவது மூன்று இன்ச் வரை இறங்கும். எனவே காட்டன் எதுவானாலும் இரண்டு முறை துவைத்து, காயவைத்து, அயர்ன் செய்த பிறகே வெட்டக் கொடுக்க வேண்டும். அதுவரை உள்பக்கமாக மடித்துக் கைத்தையல் போட்டு உடுத்தலாம்.

லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியில் தொல்லை வேறு. காலையில் சரியாக இருக்கும்; மாலைக்குள் இடுப்பும் பின்பக்கமும் தளர்ந்து மொத்த பேன்ட்டும் அரை இன்ச் இறங்கிவிடும். அதற்கு மருந்து பெல்ட், கத்தரிக்கோல் இல்லை.

அளவு எடுக்க நல்ல வழி, ஏற்கெனவே பிடித்துப்போன, பலமுறை துவைத்த பேன்ட் ஒன்றைத் தரையில் விரித்து, கவட்டைத் தையல் நான்கும் சேரும் இடத்திலிருந்து உள்தையல் ஓரமாகக் கீழ் விளிம்பு வரை டேப் பிடிப்பது. புதியதன் பாட்டமும், கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரமும் பழையதோடு ஒத்துப்போனால்தான் அந்த எண் செல்லும். இரண்டு காலையும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். பலருக்கு இரண்டுக்கும் இடையே கால்வாசி இன்ச் வித்தியாசம் இருக்கும்.

ஒரே பேன்ட்டைச் செருப்புக்கும் கேன்வாஸ் ஷூவுக்கும் போடுபவர்கள் செருப்பை அணிந்துகொண்டே அளக்க வேண்டும். ஷூவின் அடிப்பாகம் ஏறத்தாழ ஒரு இன்ச் என்றால் சாதாரணச் செருப்பு அரை இன்ச்தான். ஷூவுக்கு வெட்டியது செருப்பில் தரையைப் பெருக்கும். பைக் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. முட்டி மடங்கும்போது விளிம்பு இரண்டு, மூன்று இன்ச் மேலேறும். நிற்கும்போதே கணுக்கால் தெரியும் பேன்ட் சைலன்ஸர் பக்கம் வெறுங்காலை விட்டுவைக்கும்.

வெட்டும்போது நடக்கும் தவறுகளும் கொஞ்சமில்லை. கீழே குறுகிக்கொண்டே போகும் காலில் மூன்று இன்ச் எடுத்தால் பாட்டம் சுமார் அரை இன்ச் கூடும். ஸ்லிம் என்று வாங்கியது ஸ்ட்ரெய்ட் பக்கம் நகர்ந்துவிடும். அப்போது முட்டிக்குக் கீழே உள்தையலையும் லேசாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும். நான்கு இன்ச்சுக்கு மேல் குறைக்க வேண்டி வந்தால் அந்த பேன்ட்டே வேண்டாம். முட்டி வளைவு உங்கள் முட்டிக்குக் கீழே போய்ப் பை போலத் தொங்கும்.

ஜீன்ஸுக்கு நீளம் குறித்த கோட்டுக்குக் கீழே ஒரு இன்ச் விட்டு வெட்டி, அரை அரை இன்ச்சாக இரண்டு மடிப்பு. பக்கத்தையல் சேரும் இடத்தில் துணி அடுக்கடுக்காகத் தடித்துவிடுவதால் மெல்லிய ஊசி தையலைத் தவறவிடும். 16 நம்பர் ஊசி போட்டு, தடித்த இடத்தைச் சுத்தியலால் தட்டிவிட்டுத் தைத்தால் ஓடும். பழைய விளிம்பின் கயிறு முறுக்கியது போன்ற வெளுப்பு சங்கிலித் தையலால் வருவது. யூனியன் ஸ்பெஷல் 43200ஜி மெஷினுக்கு அதில் தனிப் பெயர். சாதாரண மெஷினில் அது வராது. அந்த வெளுப்பு வேண்டுமென்றால் ஒரிஜினல் விளிம்பை வெட்டியெடுத்து மேலே ஒட்டித் தைக்கலாம். ஆனால் இரண்டு இன்ச்சுக்கு மேல் குறைத்த ஸ்லிம் காலில் பழைய விளிம்பு சிறியதாகிச் சுருக்கம் விழும்.

வெளியே மடித்துவிடுவது டெனிமுக்கு அழகு, வழவழப்பான துணிக்கு நிற்காது. ஒன்றரை இன்ச் அகலத்தில் இரண்டு சுற்று போட மூன்று இன்ச் அதிக நீளம் வேண்டும். குள்ளமானவர்களுக்குக் கால் இன்னும் குட்டையாகத் தெரியும். ஒரு இன்ச்சில் ஒரே சுற்று போதும்.

சைனோஸுக்கு உள்ளே ஒன்றரை இன்ச் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பின்னால் இறக்கத் தேவைப்படும். ஒரு வருடம் கழித்து இறக்கினால் பழைய மடிப்பின் கோடு வெளுத்துத் தெரியும். அடர்நீலத்திலும் கறுப்பிலும் அது எந்த அயர்னுக்கும் போகாது. காக்கி நிறத்தில் நாலைந்து துவைப்பில் மங்கிவிடும்.