சடசடப்பு எங்கிருந்து வருகிறது? – லேட்டன்சிமான் மென்பொருள் ஒரு மதிப்புரை

விண்டோஸ் கணினியில் ஒலிப்பதிவு செய்யும்போது இடையிடையே சடசடப்பு விழுகிறது என்றால், எந்த உதிரிப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள். ரெஸ்ப்ளென்டன்ஸ் நிறுவனம் வெளியிடும் இதன் வீட்டுப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. என் பதிவுகளைக் கெடுத்த இரண்டு கோளாறுகளில் ஒன்றை அது ஒரே மாலையில் காட்டிக் கொடுத்தது. மற்றொன்று அதன் கண்ணுக்கே படவில்லை. படாமல் போனதற்கும் தக்க காரணம் உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறையில் தெருக்கூத்துப் பாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டிய கணினி; எட்டு மைக்குகளின் ஒலியை ஏற்றுக் கணினிக்கு அனுப்பும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்; அது போதாமல், அடாட் எனும் ஒளியிழை இணைப்பு வழியாக மேலும் எட்டு மைக்குகளைச் சேர்த்துக்கொள்ள ஒரு பிரீஆம்ப் (மைக்கின் ஒலியைப் பெருக்கித் தரும் கருவி); பதிவுக்கு ரீப்பர் என்ற மென்பொருள். முகவீணைக்கு ஒன்று, மிருதங்கத்தின் இரு முகங்களுக்கு இரண்டு, ஆர்மோனியத்துக்கு இரண்டு, கைத்தாளத்துக்கு ஒன்று, வேடக்காரர்கள் நால்வருக்கு நான்கு, பின்பாட்டுக்கு இரண்டு என்று மைக் வைத்தால் பன்னிரண்டு தடங்கள் ஆகிவிடும். ஆட்டத்தின்போது எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தே பாடுவதால் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்டுவதற்கு வழியில்லை. ஒரு தடத்தில் விழும் பழுது அந்தப் பாட்டு முழுவதையும் கெடுத்துவிடும்.

சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் சேலத்தில் யாரையும் பாட வைக்க முடியாது. விசிறி சுழன்றாலோ அதன் இரைச்சல் பன்னிரண்டு மைக்குகளிலும் ஏறிக்கொள்ளும். தெருவில் விசைத்தறியின் ஓட்டம் வேறு. ஆகவே இந்த ஆண்டு, திருவிழாக்களுக்கு இடையே குழுவுக்குக் கிடைத்த இரண்டு நாள் ஓய்வில், கணினியை மடியில் தலையணைமேல் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் விசிறிக்குத் தேவையில்லை. இரவில் பூச்சிகளின் ஒலியைத் தவிர வேறு சத்தமும் இல்லை. ஆனால் வீட்டில் எப்போதாவது விழுந்துகொண்டிருந்த சடசடப்பு அங்கே நிமிடத்துக்கு ஒருமுறை விழத் தொடங்கியது. இரண்டு இரவுகள் பாடியவற்றில் பயன்படுத்தத் தக்கதாக ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் விடிய விடியப் பாடியதை அப்படி இழந்தது இன்றும் எனக்கு ஆறவில்லை.

மலைப்பாதையில் குலுங்கியதில் ஏதோ தளர்ந்துவிட்டது என்று எண்ணிச் சேலம் திரும்பியதும் ஒரு கடையில் காட்டினேன். மதர்போர்டு பழுதாகிவிட்டது, மாற்றினால்தான் சரியாகும் என்றார்கள். இன்டர்ஃபேஸைச் செருகி அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுப் பார்க்கவும் அங்கே யாரும் முன்வரவில்லை. அதனால் பெட்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

முதலில் நான் சந்தேகப்பட்டது, பதிவு சேமிக்கப்படும் வட்டைத்தான். பலரும் அதையே சந்தேகப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் அந்தச் சந்தேகம் நிற்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 1,44,000 பைட்டுகள் சேரும். பன்னிரண்டு தடங்களுக்கும் சேர்த்து 1.7 மெகாபைட் அளவுதான். பழைய சுழலும் வட்டுகூட இதைப் போலப் பல மடங்கை எழுதிவிடும். அடுத்து, டாஸ்க் மேனேஜரில் செயலியின் (பிராசசரின்) சுமை பதினைந்து விழுக்காட்டைத் தாண்டவில்லை. இங்கேதான் நான் நெடுநாள் ஏமாந்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரியை. ஒலிப்பதிவைக் கெடுப்பதோ வினாடியில் முந்நூறில் ஒரு பங்கு நேரம் மட்டுமே நிகழும் தடங்கல்.

பஃபரை, அதாவது வரும் ஒலி தற்காலிகமாகச் சேரும் இடத்தை, 128 சாம்பிள் (ஒலியின் ஒரு நுண்ணளவு) என்று வைத்தால், வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அது 2.67 மில்லி வினாடியில் நிரம்பும். நிரம்பியதை மென்பொருள் ஒவ்வொரு முறையும் அடுத்தது நிரம்புவதற்குள் எடுத்துக்கொண்டாக வேண்டும். அந்த இடைவெளியில் வேறொரு டிரைவர் (ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்) செயலியைப் பிடித்துக்கொண்டு தன் வேலை முடியும்வரை விடாமல் இருந்தால், செயலி எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும் ஒலிக்கு உரிய முறை தவறிவிடும். அந்த வெற்றிடமே நம் காதில் சடசடப்பாக விழுகிறது. எந்த டிரைவர் எத்தனை மைக்ரோ வினாடி செயலியைப் பிடித்து வைத்திருந்தது என்பதை ஒவ்வொன்றாக அளந்து சொல்வதுதான் லேட்டன்சிமானின் வேலை.

பதிவு செய்யும் நிலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு அதை ஓடவிட்டேன். ஏழாவது நிமிடத்தில் பட்டை சிவந்தது. டிரைவர்களின் பட்டியலை அதிகபட்ச நேரத்தின்படி வரிசைப்படுத்தியபோது, என்டிஐஎஸ் என்ற கோப்பு 2.8 மில்லி வினாடியுடன் முதலிடத்தில் இருந்தது. அதாவது, அந்த ஒரு பிடியே என் பஃபரைவிட நீளம். என்டிஐஎஸ் என்பது விண்டோஸில் எல்லா நெட்வொர்க் அட்டைகளும் பயன்படுத்தும் பொதுவான அடுக்கு. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையை முடக்கிவிட்டு மீண்டும் ஓடவிட்டேன். நாற்பது நிமிடங்களில் எதுவும் 0.3 மில்லி வினாடியைத் தாண்டவில்லை. ஏற்காட்டில் நிலைமை மோசமானதற்கும் அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. வீட்டில் தனக்குத் தெரிந்த நெட்வொர்க்குடன் இணைந்து அடங்கியிருந்த அட்டை, மலைமேல் இணைப்பு எதுவும் கிடைக்காமல் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. மதர்போர்டுக்கும் கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை.

மென்பொருளில் குறைகளும் உண்டு. அது பொதுவான அடுக்கின் பெயரைச் சொல்கிறதே தவிர, அதற்குக் கீழே தவறு செய்யும் அட்டை எது என்று சொல்வதில்லை. கம்பி இணைப்பையும் வைஃபையையும் மாற்றி மாற்றி முடக்கி நாமே கண்டறிய வேண்டும். மணிக்கணக்கில் ஓடும்போது ஒரே ஒரு முறை நேர்ந்த தாமதத்துக்கும் கணினியே ஒலிப்பதிவுக்குத் தகாதது என்பது போன்ற தீர்ப்பை எழுதிவிடுகிறது. புதியவர்கள் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம், எண்களை மட்டும் பாருங்கள். செயலியின் வேகம் ஏறி இறங்கினால் அளவுகள் துல்லியமாக இரா என்று அறிக்கையிலேயே எச்சரிக்கிறார்கள். ஆகவே பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகளில்) வேக மாற்றத்தை நிறுத்திவிட்டு அளப்பதே நல்லது. பேஜ் ஃபால்ட் பகுதியையும், அதாவது நினைவகத்தில் இல்லாததை வட்டிலிருந்து எடுக்க நேர்ந்த தடவைகளின் கணக்கையும், ஒதுக்கிவிடாதீர்கள். என் கணினியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் இரவு நேரச் சோதனையைத் தொடங்கும்போதெல்லாம் அந்த எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. சோதனையைப் பகலுக்கு மாற்றினேன். இதே வேலைக்குத் தெசிகான் நிறுவனத்தின் டிபிசி லேட்டன்சி செக்கர் என்ற பழைய மென்பொருளை இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் அது சரியான அளவைக் காட்டுவதில்லை.

வைஃபையை முடக்கிய பின் அம்மாப்பேட்டையில் தறிகள் ஓய்ந்த ஓர் இரவில் மீண்டும் பதிவு செய்தோம். சடசடப்பு முற்றிலும் நின்றிருந்தது. ஆனால் பின்பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த கூத்துக் குழுவின் வாத்தியார் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "தம்பி, உள்ளே ஒரு சொட்டுச் சத்தம் கேக்குது. இது எங்க தாளம் இல்ல. எங்க தாளம் பாட்டோட நெருங்கும், விலகும். இது ஒரே அளவா விழுந்துக்கிட்டே இருக்கு" என்றார். கூர்ந்து கேட்டபோது, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள தடங்களில் மட்டும், இரண்டு வினாடிக்கு ஒருமுறை மெல்லிய சொட்டு ஒன்று விழுந்துகொண்டிருந்தது. முன்பு சடசடப்பின் நடுவே அது மறைந்து போயிருக்கிறது. கைப்பேசிக்கு மாற்றிக் கேட்டாலும் அதே இடங்களில் விழுந்ததால், பழுது பதிவிலேயே இருக்கிறது என்பது உறுதியாயிற்று. லேட்டன்சிமானோ தொடர்ந்து பச்சையையே காட்டியது.

வாத்தியார் சொன்ன "ஒரே அளவு" என்ற சொல்தான் வழி காட்டியது. செயலியின் தடங்கல் இப்படிச் சீராக, நான்கு தடங்களில் மட்டும் வராது. அந்த நான்கும் பிரீஆம்ப் வழியாக வருபவை. பிரீஆம்புக்கும் இன்டர்ஃபேஸுக்கும், சாம்பிள் எடுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. நான் இரண்டையும் அதனதன் சொந்தக் கடிகாரத்திலேயே விட்டிருந்தேன். இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வேறுபாடு இருந்தாலே, வினாடிக்கு ஏறத்தாழ அரைச் சாம்பிள் முந்தும் அல்லது பிந்தும். இரண்டு வினாடியில் ஒரு முழுச் சாம்பிள் விடுபடும் அல்லது இரட்டிக்கும். அதுவே அந்தச் சொட்டு. பிரீஆம்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு ஒரே ஓர் ஒளியிழைதான் செல்கிறது என்பதால், இன்டர்ஃபேஸின் கடிகார மூலத்தை அடாட் என்று மாற்றிப் பிரீஆம்பைப் பின்பற்றச் செய்தேன். சொட்டு அந்த நொடியே நின்றது. இந்தப் பிழை கணினிக்கு வெளியே நிகழ்வது. உள்ளே வந்து சேரும்போதே ஒலி பழுதுபட்டிருக்கிறது. டிரைவர்களை அளக்கும் ஒரு மென்பொருள் அதைக் காண வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று.

எனவே சடசடப்பு எல்லாத் தடங்களிலும் ஒழுங்கின்றி விழுந்தால் லேட்டன்சிமானைத் திறவுங்கள்; சில தடங்களில் மட்டும் சீராக விழுந்தால் முதலில் கடிகார அமைப்பைப் பாருங்கள். என் கணினியிலிருந்து அந்த வைஃபை அட்டையைக் கழற்றி எடுத்தேவிட்டேன். இழந்த பாட்டுகளைத் திரும்பப் பாடித் தர வாத்தியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆடி முடிந்ததும் மறுபடியும் ஏற்காடு செல்கிறோம்.