கம்பியா, முறுக்கா, நாடாவா: ஆர்முடுக்கிக் காந்தத்துக்கு எது?

போன கிழமை கொக்குவிலில் தண்ணி மோட்டர் கட்டும் கடையொன்றில் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற உயர்தரப் பெடியன் கேட்டான்: "அண்ணை, 90 கெல்வினிலயே மீகடத்துற பொருள் இருக்கேக்க, சேர்ன்காரர் ஏன் இன்னும் 1.9 கெல்வின் ஹீலியத்துக்கை காந்தத்தைத் தாட்டு வைச்சிருக்கினம்?"

நல்ல கேள்வி. மீகடத்தல் என்றால் மின்தடையே இல்லாமல் மின்னோட்டம் ஓடுவது. சேர்ன் என்பது அணுவைவிடச் சிறிய துணிக்கைகளை ஆர்முடுக்கி மோதவிடும் ஐரோப்பிய ஆய்வுகூடம், அந்தத் துணிக்கைகளை வளையத்தில் வளைத்து ஓட்டத்தான் காந்தம். ஆனால் எவ்வளவு சூட்டில் மீகடத்தும் என்பதை விட, சுற்றும்போது எப்படி நடந்துகொள்ளும், பழுதாகும்போது எப்படிப் பழுதாகும் என்பதுதான் முக்கியம்.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்னின் 27 கிலோமீற்றர் வளையத்தில் கிடக்கும் 1232 இருமுனைக் காந்தங்களும் நயோபியம்-டைட்டேனியம்தான். ஒவ்வொன்றும் 15 மீற்றர் நீளம், காந்தப்புலம் 8.33 தெஸ்லா, ஓடுவது கிட்டத்தட்ட 11,850 அம்பியர். இந்தக் கம்பி செப்பு மாதிரி வளையும், சொன்னபடி கேட்கும். 9 தெஸ்லாவைத் தாண்டினால் மட்டும் மூச்சு வாங்கும்.

அதற்கு மேலே போக நயோபியம்-வெள்ளீயம். இது முறுக்குக் கதை. மாவாக இருக்கும்போதே பிழிந்து சுற்றிவிட வேண்டும், பொரித்த பிறகு வளைத்தால் சடக்கென்று உடையும். அதேபோல முதலில் சுருளைச் சுற்றி, பிறகு 650 பாகை செல்சியஸ் அளவில் நாட்கணக்காக உலையில் வைத்தால்தான் உள்ளே நயோபியமும் வெள்ளீயமும் சேர்ந்து மீகடத்தியாகும். அந்தச் சூட்டில் வழமையான பிளாஸ்டிக் காப்பு கருகிப்போகும் என்பதால் கண்ணாடி நார் சுற்றி, கடைசியில் எபொக்சி ஊற்றி இறுக்குகிறார்கள். கடைக்காரர் வார்னிஷ் ஊற்றுவதற்கும் ஒரு காரணம் இதுதான், கம்பி அசையக் கூடாது.

ஏன் அவ்வளவு பயம்? அந்தக் குளிரில் வெப்பக் கொள்ளளவு அற்பம், கம்பி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கு நகர்ந்தாலே போதும், அந்த உரசல் சூட்டில் மீகடத்தல் போய்விடும். இதைத்தான் குவெஞ்ச் என்கிறார்கள். சோதனைக் கூடத்தில் வேண்டுமென்றே மின்னோட்டத்தை ஏற்றி, குவெஞ்ச் ஆகவிட்டு, திரும்பக் குளிர்த்தித் திரும்ப ஏற்றுவார்கள். கம்பி தன் இடத்தில் அமர அமர அடுத்த முறை இன்னும் மேலே போகும். ஆனாலும் 2008 செப்டெம்பரில் சேர்னின் காலை வாரியது, இப்படித் தனித்தனியாகச் சோதித்த காந்தங்கள் அல்ல, சுரங்கத்துக்குள் வைத்து இரண்டு காந்தங்களுக்கு இடையில் போட்ட மின் இணைப்பு. ஹீலியம் தொன்கணக்கில் கொட்டி, 53 காந்தங்களை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

சரி, தம்பி கேட்ட 90 கெல்வின் சாமான்? அது மெல்லிய நாடா, நன்றாகக் குளிர்த்தினால் மற்ற இரண்டையும் விடக் கடுமையான புலத்தைத் தாங்கும், விலையோ எக்கச்சக்கம். அதைவிடப் பெரிய தலையிடி, குவெஞ்ச் அதில் மெதுவாகத்தான் பரவும். நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் சூடு ஓரிடத்திலேயே நிற்பதால் உணரி கண்டுபிடிக்கும் முன்பே அந்த இடம் கருகிவிடலாம்.

என்னைக் கேட்டால் நீள வளையத்துக்கு இன்னும் நயோபியம்-டைட்டேனியம்தான். இடம் நெருக்கமாக, புலம் கடுமையாக வேண்டிய, துணிக்கைகள் மோதும் இடங்களுக்குப் பக்கத்தில் முறுக்கு. சேர்னும் வளையத்தைத் தரமுயர்த்தும்போது அங்கேதான் அதைப் பூட்டுகிறது. நாடாவுக்கு இப்போதைக்கு நான் காசு போடமாட்டேன்.