அகழாய்வுக் காதல் நாவல்கள்: முகாம் கதையா, இரட்டைக் காலக் கதையா?

தொல்லியல் பின்னணி கொண்ட சரித்திரக் காதல் நாவல்களைப் பெரும்பாலும் இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஒன்று, முகாம் கதை: 1870களுக்கும் 1930களுக்கும் இடையில் எகிப்திலோ மெசபடோமியாவிலோ (இன்றைய ஈராக் பகுதி) நடக்கும், காதலர்கள் இருவருமே மண்ணைத் தோண்டுகிறவர்கள். மற்றொன்று, இரட்டைக் காலக் கதை: இன்றைய ஆய்வாளர் ஒரு கல்லறையைத் திறப்பார், அங்கே புதைக்கப்பட்டவரின் காதல் ஓர் அத்தியாயம் விட்டு ஓர் அத்தியாயமாக விரியும். வாசகர்களும் இரு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். நான் முகாம் கதையின் பக்கம்.

முகாம் கதைமீது வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அது நகர மறுக்கிறது என்பது. பாதி நாவல் முடிந்தும் பானை ஓடுகளுக்கு எண் போட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று அலுத்துக்கொள்வார்கள். அகழாய்வின் வேகமே அதுதான். 1922 நவம்பர் 4 அன்று பண்டைய எகிப்திய அரசன் துட்டன்காமன் கல்லறையின் முதல் படி தென்பட்டது. பணம் போட்ட கார்னார்வன் பிரபு இங்கிலாந்திலிருந்து வந்து சேரட்டும் என்று தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் படிக்கட்டை மறுபடி மண்போட்டு மூடிவிட்டுக் காத்திருந்தார். நவம்பர் 26 அன்றுதான் சிறு துளை வழியாக உள்ளே பார்த்தார். அங்கிருந்த பொருள்களை வெளியே எடுத்து முடிக்க ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. அடக்கிவைத்த ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடைக்குமா? மெசபடோமியாவில் ‘ஊர்’ (Ur) என்ற பெயர் கொண்ட பண்டைய சுமேரிய நகரத்தில் தொல்லியலாளர் லெனார்ட் வூலி, மரம் மக்கிப்போய் மண்ணில் மிஞ்சிய வெற்றுத் துளைகளுக்குள் பாரிஸ் சாந்தை ஊற்றி, யாழின் வடிவத்தை மீட்டெடுத்தார். சாந்து இறுகும்வரை இருவர் அருகருகே உட்கார்ந்து காத்திருப்பதை மட்டுமே ஓர் அத்தியாயமாக எழுதலாம். அதே ‘ஊர்’ அகழாய்வில்தான் 1930இல் துப்பறியும் நாவலாசிரியர் அகதா கிறிஸ்டி, தொல்லியலாளர் மேக்ஸ் மாலோவனைச் சந்தித்தார். அவ்வாண்டே திருமணமும் நடந்தது. ஆகவே இத்தகைய காதல் நம்பும்படி இல்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

இரட்டைக் காலக் கதையை விரும்புகிறவர்களின் வாதத்திலும் வலு இருக்கிறது. தோண்டுகிறவர்களைவிடத் தோண்டப்படுகிறவர்கள்தானே முக்கியம் என்கிறார்கள். ஆனால் 1924இல் துட்டன்காமனின் கற்பேழையைத் திறந்தபோது, சவப்பெட்டியின் நெற்றியில் ஒரு சின்னஞ்சிறு மலர்வளையம் இருந்தது. விதவையான இளம் அரசியின் கடைசிக் காணிக்கையாக அதைக் காணவே கார்ட்டர் விரும்பினார். வைத்தது யார் என்பதற்குச் சான்று கிடையாது. இரட்டைக் காலக் கதை அந்த அரசியை அழைத்துவந்து, அவள் கையாலேயே அதை வைக்கச் செய்து, கண்ணீரையும் வசனத்தையும் சேர்த்துவிடும். முகாம் கதையில் இருவர் அந்தப் பூக்களின் முன் நின்று, அரசிதான் வைத்திருப்பாள் என்று ஒருவர் அடித்துச் சொல்ல, ஆதாரம் எங்கே என்று மற்றவர் கேட்பார். அந்த வாக்குவாதத்தில் அவர்கள் மனம் முழுக்க வெளிப்பட்டுவிடும். எனக்கு அதுதான் காதல் காட்சி. இரட்டைக் காலக் கதையில் இன்றைய ஜோடி பெரும்பாலும் கதவைத் திறந்துவிடும் வேலையோடு நின்றுவிடுகிறது. அவர்கள் அத்தியாயங்களைப் புரட்டித் தள்ளினேன் என்று வாசகர்கள் சொல்வதில் வியப்பில்லை.

முகாம் கதைமீது நான் முழுமனதாக ஏற்கும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கூடை சுமக்கிறவர்களுக்கு அதில் பெயரே இருப்பதில்லை. வூலியின் தலைமை மேஸ்திரி ஹமூதி, கார்ட்டரின் மேஸ்திரி அகமது குரைகர் போன்றவர்களின் அனுபவம் இல்லாமல் அந்த அகழாய்வுகள் நடந்திருக்காது. நாவலிலோ அவர்கள் தேநீர் கொண்டுவருவார்கள், சாபம் என்று அலறி ஓடுவார்கள். கண்டெடுத்த நகையை நாயகன் நாயகியின் கழுத்தில் பூட்டும் காட்சியும் அப்படித்தான். இன்றைய துருக்கியில் உள்ள பண்டைய ட்ராய் நகரில் 1873இல் தோண்டியெடுத்த நகைகளை ஜெர்மானிய அகழாய்வாளர் ஹைன்ரிக் ஷ்லீமான் தன் மனைவி சோஃபியாவுக்கு அணிவித்துப் படம் எடுக்கச் செய்தார். அந்தப் படம் அழகானதுதான். ஆனால் அந்த நகைகளை அவர் அன்று அப்பகுதியை ஆண்ட ஒட்டோமான் அரசுக்குத் தெரியாமல் கடத்திச் சென்றிருந்தார். இதைக் காதலின் உச்சமாக எழுதும் நாவலை இன்றைய வாசகர் பாதியில் மூடிவைத்தால் அது நியாயமே.

பண்டைய அரண்மனை வாழ்வைக் கண்முன் காண வேண்டும் என்பவர்கள் இரட்டைக் காலக் கதையை எடுக்கலாம்; அதில் வேகமும் உண்டு. முகாம் கதையை எடுப்பவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களில் மேஸ்திரிக்குப் பெயர் இருக்கிறதா, அவர் சொல்வதை நாயகி காதுகொடுத்துக் கேட்கிறாளா என்று பாருங்கள். நான் அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு படிக்கிறேன்.