மைல்ஸுக்கு சீட் எடுத்துத் தாறம் எண்டு சொல்ற ஆக்களிட்ட கவனம்

மட்டக்களப்பு டவுனில் மைல்ஸுக்கு (விமானத்தில் பறக்கப் பறக்க எயார்லைன் கணக்கில் சேரும் புள்ளிகளுக்கு) டிக்கட் போட்டுத் தருகிற ஒருவரிடம் எங்கள் வீடு ஏமாந்தது. டிசம்பரில் பயணம் இருப்பவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்.

அக்கா தோஹாவில். பிள்ளைப்பேறுக்கு அம்மா போகவேண்டும். டிசம்பர் டிக்கட் விலை தெரியும்தானே, நெருப்பு. அத்தானிடம் நிறைய மைல்ஸ் சேர்ந்திருந்தது. ஆனால் எந்தத் திகதியைப் போட்டாலும் மைல்ஸுக்கு சீட் இல்லை என்றே காட்டியது. இந்த ஆள், "பிளைட் ஃபுல் எண்டாலும் உள்ளுக்க சீட் கிடக்கும் அம்மா, எனக்கு எயார்லைன்ல ஆள் இருக்கு" என்றார். 35,000 ரூபாவும், அத்தானின் பாஸ்வேர்டும், ஓடிபியும் வாங்கினார். பின்னேரமே வாட்ஸப்பில் தாள் வந்தது. அம்மாவின் பெயர், திகதி, ஆறு எழுத்து பிஎன்ஆர் (புக்கிங் குறியீடு), எல்லாம் சரி.

பொலன்னறுவை, ஹபரணை, குருநாகல் என்று இரவிரவாக வேனில் கட்டுநாயக்கா போனால், கவுண்டரில் அம்மாவுக்கு டிக்கட்டே இல்லை. வெறும் புக்கிங் மட்டும் போட்டிருக்கிறார். டிக்கட் அடிக்காததால் அது தானாகவே ரத்தாகிவிட்டது. அம்மா இடித்துக் கட்டிய சரக்குத்தூளோடு அப்படியே நின்றார். அத்தான் கணக்கைத் திறந்தால் மைல்ஸும் இல்லை! ஆரோ முன்பின் தெரியாத ஆள் அதில் லண்டன் போயிருக்கிறார். எங்கள் மைல்ஸை அவருக்குக் காசுக்கு விற்றிருக்கிறார் இந்த மனுசன். ஓடிபி கொடுத்து எடுத்தது, திருப்பித் தர ஏலாது என்று எயார்லைன் கையை விரித்துவிட்டது.

பிறகுதான் விசாரித்தோம். மைல்ஸுக்கான சீட்டை நிறுவனம் தனியாக ஒதுக்கும். காசுக்கு விற்பனை சூடாக இருந்தால் அந்த ஒதுக்கீட்டை மூடிவிடும். விமானத்தில் இடம் இருந்தாலும் உங்களுக்கு இல்லை. சில நிறுவனங்கள் கூடுதல் மைல்ஸ் வாங்கிக்கொண்டு தரும், அதுவும் அவர்களின் தளத்திலேயே தெரியும். இதில் "உள்ளுக்க ஆள்" எங்கே வருகிறார்? மைல்ஸில் எடுத்தாலும் டிக்கட்டுக்கான வரிக்காசு பொதுவாகக் கட்டத்தான் வேண்டும். மைல்ஸை விற்பதும் விதிக்கு மாறானது. பிடிபட்டால் டிக்கட்டை ரத்துச் செய்வார்கள், கணக்கையும் மூடுவார்கள்.

பிஎன்ஆர் கிடைத்தால் டிக்கட் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 13 இலக்க டிக்கட் நம்பர் கேளுங்கள். எயார்லைன் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஓடிபியை ஆருக்கும் சொல்லாதீர்கள்.

பொலிசில் முறைப்பாடு போட்டிருக்கிறோம். ஆள் போனை எடுப்பதில்லை. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் இவர் ஆள் பிடித்ததாகக் கேள்வி. காசு கொடுத்தவர்கள் பற்றுச்சீட்டு, வாட்ஸப் செய்தி ஒன்றையும் அழிக்காமல் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சேர்ந்து போவோம்.